தாண்ட மறுத்த குதிரையை அடிக்கச் சொன்னார்கள். என் மகள் இறங்கிவிட்டாள்

தாராசுரம் தகப்பன் (கும்பகோணம்)

உறுப்பினர்களுக்கு வணக்கம். தாராசுரத்தில் பட்டுத் தறி வைத்துப் பிழைப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, குதிரை என்றால் கோயில் வாகனமும் திருவிழாவில் ஆடும் பொய்க்கால் குதிரையும்தான் எனக்குத் தெரியும். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டு டிரெஸ்ஸாஜ் (குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வென்றது. 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதைப் பார்த்த நாள் முதல் என் மகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், தஞ்சாவூருக்கு அருகே உள்ள ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களை ஊரறிய இழுப்பது என் நோக்கமில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அவள் ஏறுவது பத்து வயதுள்ள பழுப்புநிறப் பெண்குதிரை. நான்கு மாதமாக முழங்காலை ஒட்டிய உயரமுள்ள குறுக்குக் கட்டைகளைத் தயங்காமல் தாண்டிவந்தது, அன்று மூன்று முறையும் கட்டைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. மூன்றாம் முறை பின்வாங்கித் தலையை உயர்த்தி உதறியது. பயிற்சியாளர் சவுக்கை என் மகள் கையில் கொடுத்து, “நன்றாக இரண்டு வை, இப்போது விட்டுக்கொடுத்தால் இனி அது உன்னை ஆளும்” என்றார். அவள் சவுக்கை வாங்கவில்லை. இறங்கி, சேணத்தின் வயிற்றுவாரைத் தளர்த்திவிட்டு, குதிரையை நடத்திக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டாள். அடுத்து வரும் போட்டிக்கு ஆறு வாரமே இருப்பதாகவும், இவ்வளவு இளகிய மனமுள்ள பிள்ளைக்கு இந்த விளையாட்டு சரிப்படாது என்றும் அவர் என்னிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது அய்யம்பேட்டை தாண்டும் வரை அவள் வாய் திறக்கவில்லை. பாபநாசத்தில் தேநீருக்கு வண்டியை நிறுத்தியபோது, “அது ஏன் நின்றது என்று யாருமே கேட்கவில்லையே, அப்பா” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குதிரையோடு பழகியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். அடிப்பது இந்தப் பயிற்சியின் ஒரு பகுதிதானா? அவள் இறங்கியது சரியா?

பழைய சவார் (பட்டுக்கோட்டை)

ஐயா, ராணுவத்தின் குதிரை வளர்ப்பு, கால்நடை மருத்துவப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன் நான். குதிரைகளைப் பழக்குவதும் சிப்பாய்களுக்குச் சவாரி கற்றுக்கொடுப்பதுமே என் வேலையாக இருந்தது. உங்கள் மகளின் கேள்விதான் சரியான கேள்வி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதம் தாண்டிய குதிரை ஒரு நாள் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். எங்கேயோ வலிக்கலாம். கட்டைக்கு வரும் தூரம் தப்பியிருக்கலாம். தாண்ட எழும் கணத்தில் சவாரி செய்பவர் லகானைப் பிடித்து இழுத்து, வாயில் ஒருமுறை அடிபட்டிருக்கலாம். அப்படி ஒருமுறை பட்டால் அடுத்த முறை கட்டையைப் பார்க்கும்போதே அந்த வலி அதற்கு நினைவு வரும். தரை வழுக்கியிருக்கலாம். இவற்றில் எதற்கும் சவுக்கு மருந்தாகாது. நானும் என் இளமையில் அடித்திருக்கிறேன். அடித்தபோது சில குதிரைகள் தாண்டவும் செய்தன. ஆனால் பின்னால் இருக்கும் வலி முன்னால் இருக்கும் வலியைவிடப் பெரிதென்று கண்டுதான் அவை தாண்டின என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. அப்படித் தாண்டும் குதிரை கட்டையைக் கவனிப்பதில்லை. காலை இடித்துக்கொண்டு, ஏறியவரையும் சேர்த்துக் கீழே தள்ளும்.

குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றவை விளங்கும். காலால் விலாவை மெல்ல அழுத்துகிறோம். அது ஒரு தொந்தரவு. குதிரை ஓர் அடி முன்னே வைத்தவுடன் அழுத்தத்தை எடுத்துவிடுகிறோம். குதிரைக்குப் பாடமாவது அந்த எடுப்புதான். அழுத்தியதைவிட விட்ட நேரமே அதன் மனதில் பதிகிறது. சரியான கணத்தில் விடத் தெரிந்தவனுக்குக் கை லேசாக இருந்தால் போதும். விடத் தெரியாதவன் மேலும் மேலும் அழுத்துகிறான், பிறகு குத்துகிறான், அதன் பிறகு அடிக்கிறான். குதிரைக்கோ எதைச் செய்தால் இது நிற்கும் என்று கடைசி வரை தெரிவதில்லை. எதைச் செய்தும் நிற்காது என்று தெரிந்துகொண்ட குதிரை மரத்துப்போய்விடும். கண் மங்கி, காது தொங்கி, சொன்னதையெல்லாம் செய்யும் அந்தக் குதிரையைப் பார்த்து ‘நல்ல பழக்கம்’ என்று பாராட்டுபவர்கள் உண்டு.

ஒன்றை மட்டும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். மறுத்த இடத்திலேயே இறங்கிவிட்டால், நின்றால் வேலை முடிந்துவிடும் என்றும் குதிரை கற்றுக்கொள்ளும். கட்டையைத் தரையில் கிடத்தி, அதன் மேல் நடையாகக் கடக்கவைத்து, கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் சவுக்கா, இறங்குவதா என்ற இரண்டே வழிகளை அந்தப் பிள்ளை முன் வைத்தவர் பெரியவர்தானே. அந்த இரண்டில் அவள் தேர்ந்தது சரி.

பந்தயச் சாரதி (திருக்கடையூர்)

காணும் பொங்கலன்று எங்கள் பக்கம் தரங்கம்பாடிச் சாலையில் நடக்கும் ரேக்ளா பந்தயத்தில் குதிரை வண்டி ஓட்டுபவன் நான். கரிச்சான் குதிரை, நடுக்குதிரை என்று இரண்டு பிரிவிலும் ஓட்டியிருக்கிறேன்.

தாராசுரம் அண்ணனின் மகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குதிரையை அடிப்பவர்கள் எல்லாரும் குதிரை மேல் அன்பில்லாதவர்கள் என்ற பேச்சு இந்த இழையில் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் குதிரை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. வாங்கிய அன்று அதற்கு விலா எலும்பு எண்ணலாம். இன்று என் பிள்ளைகள் அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து விளையாடுகிறார்கள். கொள்ளை ஊறவைத்து வேகவைப்பது என் அம்மா. மழை நாளில் கொட்டகை ஒழுகினால் முதலில் அதைத்தான் இடம் மாற்றுவோம், பிறகுதான் எங்கள் பாயை. பந்தயம் ஒன்று இருப்பதால்தான் டெல்டாவில் இன்னும் நூற்றுக்கணக்கான வீடுகளில் குதிரை நிற்கிறது. ஜட்கா வண்டி போனதோடு போயிருக்க வேண்டிய பிராணி இது.

சவுக்கு எங்கள் கையில் உண்டு. ஓங்குவதும் உண்டு. ஆனால் பந்தயத்தில் குதிரையை வதைப்பது சவுக்கைவிட அதிகமாக, பின்னாலேயே ஆரனை அலறவிட்டு, கூச்சலிட்டு வரும் மோட்டார் சைக்கிள் கூட்டம்தான் என்பது என் அனுபவம். என் குதிரை முதல் ஆண்டு ஓடியது ஓட்டமே இல்லை, மிரட்சி. எல்லையைத் தொட்டுத் திரும்பி நின்ற பிறகும் அரை மணி நேரம் அதன் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. கொடிப் பரிசு கையில் இருந்தும் எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கமலாலயம் (திருவாரூர்)

சாரதி அண்ணன் சொன்ன நடுக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் சட்டம் படிப்பவன். அன்பு இருக்கிறதா என்பது என் கேள்வி இல்லை. பரிசு, பதக்கம் என்று ஒன்று நடுவில் வந்துவிட்டால் அந்த அன்பு எத்தனை நேரம் தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில், அதாவது குதிரைச் சவாரியும் சேர்ந்த ஐந்து விளையாட்டுகளின் போட்டியில், நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் போட்டியில் வீரர்களுக்குக் குதிரை அப்போது குலுக்கல் முறையில் தரப்பட்டது. பழகுவதற்கு 20 நிமிடம்தான். செயிண்ட் பாய் என்ற குதிரை அன்று முந்தைய வீராங்கனையிடமே மறுத்திருந்தது. அடுத்து ஏறியவர் அதுவரை முதலிடத்தில் இருந்த ஜெர்மானிய வீராங்கனை அன்னிகா ஷ்லூ. அவர் அழுதுகொண்டே அடித்தார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் நன்றாக அடிக்கச் சொல்லிக் கூவியதோடு, தானும் குதிரையைக் கையால் குத்தினார். அந்தப் பயிற்சியாளரைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். ஆனால் முடிவில் அந்த விளையாட்டு என்ன செய்தது? குதிரைக்கு ஏற்ப விதியைத் திருத்துவதைவிடக் குதிரையை விடுவிப்பதே மேல் என்று முடிவெடுத்து, 2024 பாரிஸோடு சவாரியையே நீக்கிவிட்டது. எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. குதிரையை வைத்துப் போட்டியே கூடாது என்பதுதான் என் முடிவு.

அதே பாரிஸுக்குச் சில நாட்களுக்கு முன்பு, ஆறு ஒலிம்பிக் பதக்கம் பெற்ற பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது குதிரையின் கால்களில் நீண்ட சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளிவந்து போட்டியிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. குதிரையோடு இசைந்து போவதற்கே உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டவர் அவர். அவரே அப்படி என்றால் நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளியை மட்டும் என்ன சொல்வது?

நம் சட்டத்தையும் பாருங்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-இன்படி, பிராணியை அடிப்பதும், அளவுக்கு மீறி ஓட்டுவதும், ஏறிச் செலுத்துவதும் குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுக்கு முந்தைய தொகை அப்படியே நிற்கிறது. ஜல்லிக்கட்டுக்காக 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்ட திருத்தம் காளைகளைப் பற்றியது. குதிரை அதில் வரவில்லை. நாட்டு இனம் அழியாமல் இருக்கப் பந்தயம் வேண்டும் என்ற வாதத்தைக் குதிரைக்கும் நீட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மன்னை மருத்துவர் (மன்னார்குடி)

கால்நடை மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். தாராசுரம் ஐயா, யார் சரி என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தக் குதிரையின் வாயைப் பார்க்க வேண்டும். தலையை உயர்த்தி உதறியது என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்காரவைத்து எழுதவைக்கிறது.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கும். கடிவாள இரும்பு அங்கேதான் படிகிறது. அந்த இடத்தில் எலும்பின் விளிம்பை மெல்லிய ஈறு மட்டுமே மூடியிருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைத் தடவிப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான். லகானில் ஒரு கை இழுக்கும் இழுப்பு முழுவதும் அந்த விளிம்பில் இறங்குகிறது. அடுத்து, மேல் கடைவாய்ப் பற்களின் வரிசை கீழ் வரிசையைவிட அகலமானது. குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் ஈறிலிருந்து சிறிது சிறிதாக வெளிவந்துகொண்டே இருக்கும், அரைபட்டுத் தேய்ந்துகொண்டும் இருக்கும். அகலம் கூடுதலான மேல் பற்களில், கன்னத்தை ஒட்டிய வெளி ஓரம் மட்டும் தேயாமல் அரிவாள் விளிம்புபோல நின்றுவிடும். இந்த நிலையில் மூக்குப்பட்டையை இறுக்கினால் கன்னத்தின் உட்புறம் அந்த விளிம்பிலேயே அழுந்திக் கிழியும். வாயைத் திறந்து இரும்பிலிருந்து விலகவும் அதற்கு வழியில்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு வாய் மூடிய, அமைதியான குதிரையாகத் தெரியும்.

மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய கணக்கு. அது ஏட்டிலேயே இருந்ததால்தான், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் அந்த இடைவெளியை அளக்கும் கருவியையே போட்டிகளில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ரோல்கூர் என்று ஒரு பழக்கம் இருந்தது. குதிரையின் கழுத்தை வளைத்து, மோவாய் மார்பில் முட்டும்படி லகானால் இழுத்துப் பிடித்தே ஓட்டுவார்கள். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. நம்மைப் போல வாயால் மூச்சுவிட அதனால் முடியாது. தொண்டையை அப்படி மடக்கினால் காற்று போகும் வழி குறுகும், பார்வைக்கும் முன்வழி தெரியாது. 2009-இல் டென்மார்க்கில் ஒரு போட்டியின் பயிற்சித் திடலில், அப்படி ஓட்டப்பட்ட குதிரையின் நாக்கு நீலம் பாய்ந்து வெளியே தொங்கிய காணொளியைப் பார்த்து உலகம் கொதித்தது. அதன் பிறகு 2010 பிப்ரவரியில் லோசானில் கூடி, வன்முறையால் கழுத்தை மடக்குவதை ஏற்க முடியாது என்று கூட்டமைப்பு அறிவித்தது. தடை வந்த பிறகும் பெயரை மாற்றிக்கொண்டு அது தொடர்ந்தது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

வலியைக் குதிரை கத்திச் சொல்லாது. வேட்டைக்கு இரையாகி வளர்ந்த இனம், நொண்டுவதைக் காட்டினால் புலிக்கு அடையாளம் காட்டுவதுபோல. ஆனால் ஏறி ஓட்டும்போது சொல்லும். சூ டைசன் என்ற பிரிட்டன் கால்நடை மருத்துவர் இதற்காகவே 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார். காது பின்னால் மடங்கியே இருப்பது, வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பது, வாலை விசிறிக்கொண்டே இருப்பது, வெள்ளைவிழி தெரிவது, தலையை உதறுவது, முன்னே போகத் தயங்குவது போன்றவை. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ ஒரு குதிரையிடம் காணப்பட்டால் அதற்கு எங்கோ வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர்கள் இவற்றையே ‘திமிர்’ என்றும் ‘சோம்பல்’ என்றும் ‘பெண்குதிரைக் குணம்’ என்றும் எழுதிவைக்கிறார்கள்.

வயிற்றையும் மறந்துவிடாதீர்கள். குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுவதும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாளில் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த பிராணி. காலையில் ஒரு வாளி கொள்ளு, மாலையில் ஒரு வாளி கொள்ளு, நடுவே வெறுந்தொட்டி என்று கட்டிப்போட்டால் இரைப்பையில் புண் வரும். அந்தப் புண்ணோடு வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையைக் ‘கெட்ட குதிரை’ என்று அடிப்பார்கள். நம் பக்கம் நெல் வைக்கோல் எளிதாகக் கிடைக்கிறது என்று அதையே போடுகிறார்கள். அதில் சத்து குறைவு. வயல் வரப்பில் நம் எல்லாருக்கும் சும்மா கிடைக்கும் அருகம்புல்லை அறுத்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பல்லையும் வாயையும் பார்க்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பள்ளிக்காரரைச் சண்டையில்லாமல் கேளுங்கள்.

வேதை ஆசிரியை (வேதாரண்யம்)

நான் சவாரி செய்ததே இல்லை. கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான் பார்க்க மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம், யாருக்கும் சொந்தமில்லாமல் அங்கே திரியும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். பழைய சவார் ஐயா எழுதிய ‘எடுப்பு’ என்பதைப் படித்ததும் அங்கே கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது.

தண்ணீர் தேங்கிய குட்டை ஓரம். வயதான பெண்குதிரை ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. இளசு ஒன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பெரியது காதை மட்டும் பின்னால் மடக்கியது. இளசு ஓர் அடி விலகியது. விலகிய அந்தக் கணமே காது பழையபடி முன்னால் வந்துவிட்டது, அதன் பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தன. கடிக்கவில்லை, உதைக்கவில்லை, கோபத்தை நீட்டவும் இல்லை. பிற்பகலில் இரண்டும் ஒன்றின் தலைக்கு மற்றதன் வால் என்று எதிரெதிராக நின்று, ஒன்றன் முகத்தில் ஈ உட்காராமல் மற்றது விசிறிக்கொண்டிருந்தது. லாயத்தில் தனித்தனிச் சுவருக்குள் நிற்கும் குதிரைக்கு இந்த விசிறலே கிடையாதே என்று அன்று எனக்குத் தோன்றியது. போட்டிக் குதிரைகளின் நலம் பற்றிப் பேசும்போது சவுக்கைப் பற்றியே பேசுகிறோம். நாளில் ஒரு மணி நேரம்தான் சவாரி, மிச்சமுள்ள இருபத்துமூன்று மணி நேரம் அது எப்படி வாழ்கிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

பந்தயச் சாரதி (திருக்கடையூர்)

டாக்டரம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். இன்று காலை என் குதிரையின் மூக்குப்பட்டையில் விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்கூட நுழையவில்லை. இரண்டு துளை தளர்த்தியிருக்கிறேன். அப்பா காலத்து முள் கடிவாளம் ஒன்று எங்கள் கொட்டகைத் தூணில் இன்னும் தொங்குகிறது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை, ஆனால் எங்கள் பக்கம் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். திருவாரூர்த் தம்பி, அதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

டாக்டரம்மாவிடம் ஒரு சந்தேகம். ஓடி முடித்து உடம்பு கொதிக்கும் குதிரைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும், சன்னி வரும் என்று பெரியவர்கள் ஊற்ற விடுவதில்லை. அது உண்மையா?

கமலாலயம் (திருவாரூர்)

இருக்கிறது, அண்ணன். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், முள் வைத்த கடிவாளம், முள் வைத்த கோல், காயம் உண்டாக்கும் எந்தக் கூர்மையான பூட்டுக்கருவியும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. ஓட்டுவதற்கு மட்டுமில்லை, ஏறிச் சவாரி செய்வதற்கும் அது பொருந்தும்.

மன்னை மருத்துவர் (மன்னார்குடி)

உண்மையில்லை. தாராளமாக ஊற்றுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தயாராகும் பொருட்டு நடந்த ஆய்வுகளிலேயே, குளிர்ந்த நீரை உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் சூட்டைத் தணிக்க விரைவான வழி, அதனால் தசைக்குக் கேடில்லை என்று தெளிவாகிவிட்டது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. ஒரு வாளி ஊற்றித் துணி போர்த்துவது தவறு. ஊற்றுங்கள், நடத்துங்கள், மறுபடி ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள்.

நீளோட்டப் போட்டிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எவ்வளவு முன்னணியில் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்த விளையாட்டிலும் குதிரைகள் செத்திருக்கின்றன, ஊழல்கள் நடந்திருக்கின்றன. ஆனாலும் ‘என்னால் முடியவில்லை’ என்று குதிரையின் உடம்பு சொல்வதற்குப் போட்டியின் உள்ளேயே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் ரேக்ளாவில் எல்லையைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் இப்படி ஒருவரை நிறுத்த முடியுமா என்று விழாக்குழுவைக் கேளுங்கள். காணும் பொங்கலன்று நான் வருகிறேன்.

பழைய சவார் (பட்டுக்கோட்டை)

திருவாரூர்த் தம்பிக்கு என் பதில் இது. போட்டியே கூடாது என்ற உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை, ஆனால் உங்கள் கோபத்தை ஏற்கிறேன். 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே சில குதிரைகளின் உடம்பில் கேப்சைசின் கண்டுபிடிக்கப்பட்டது. நம் மிளகாயில் உள்ள காரம்தான் அது. வலி நிவாரணியாகவும் பூசுவார்கள். ஆனால் காலில் தேய்த்தால் தோல் எரியும், எரியும் காலில் கட்டை இடித்தால் இரட்டிப்பாக வலிக்கும், அதனால் குதிரை காலை உயர்த்தித் தாண்டும் என்பதாலும் தடை. அதனால் நார்வே அணி தன் வெண்கலத்தை இழந்தது. ஒரு சமையற்காரனுக்குத் தெரியும், மிளகாய்க் கையோடு கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்று. இப்படி யோசிக்கும் மனிதனிடமிருந்து குதிரையைக் காக்கச் சட்டம் வேண்டும், 50 ரூபாயில் நிற்காத சட்டம் வேண்டும்.

ஆனால் குதிரையோடு சேர்ந்து வேலை செய்வதில் இன்னொன்றும் இருக்கிறது. என்னிடம் கடைசியாகப் பழகிய குதிரை, காலையில் நான் லாயத்துக்கு வரும்போது கடிவாளத்தைக் கையில் எடுத்ததும் தானே தலையைத் தாழ்த்தி வாயைத் திறக்கும். அதற்காக நான் எட்டு மாதம் செலவிட்டேன். நாள்தோறும் இரும்பைக் கையில் வைத்துக் கதகதப்பாக்கி, வாய் திறக்கும் வரை நின்று, திறக்காவிட்டால் திரும்பிப் போனேன். அந்தக் குதிரைக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது, அதனால் அது சரி என்று சொன்னதை நான் நம்ப முடிந்தது. டோக்கியோவில் இல்லாமல் போனது அதுதான். 20 நிமிடத்தில் அந்தக் குதிரை யாரிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? சொன்னபோது யார் கேட்டார்கள்? சவாரியை நீக்குவதற்கு முன் அந்தக் குலுக்கலை நீக்கியிருக்கலாம் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

தாராசுரம் தகப்பன் (கும்பகோணம்)

மருத்துவர் அம்மா சொன்னபடியே செய்தோம். பயிற்சியாளர் முதலில் முகம் சுளித்தார். செலவு என்னுடையது என்று சொன்ன பிறகு பள்ளி உரிமையாளர் சம்மதித்தார். பல் பார்க்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் நேற்றுக் காலை வந்தார்.

குதிரைக்கு மயக்க ஊசி லேசாகப் போட்டு, வாயில் இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துத் திறந்து, நெற்றியில் கட்டிய விளக்கை அடித்துப் பார்த்தார். என் மகளைக் கூப்பிட்டு, அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து மேல் கடைவாயின் வெளி ஓரத்தில் மெல்ல வைத்தார். அவள் விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். நானும் தொட்டேன். தறியில் பாவு அறுக்கும் கத்தியின் கூர் எனக்குத் தெரியும். அதற்கு இது குறைவில்லை. அதற்கு நேரே, இடது கன்னத்தின் உட்புறம், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்த புண் இருந்தது. நடுவில் சிவந்து குழிந்திருந்தது. வலப்பக்கம் ஆறிய தழும்பு. இடைவெளியில் கடிவாளம் படும் இடத்தில் ஈறு கன்றியிருந்தது. ஓட்டும்போது இடதுபக்க லகானைத்தான் அவள் சற்று அதிகமாக இழுப்பாள் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் அழுதாள். மருத்துவர் அவளிடம், “நீதானம்மா இறங்கினாய்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நீண்ட கைப்பிடி வைத்த அரத்தால் ராவினார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தரையில் வெள்ளை மாவுபோலப் பல்தூள் கொட்டிக் கிடந்தது. மூன்று வாரம் வாயில் இரும்பு வைக்கக் கூடாது, கொள்ளைக் குறைத்துப் பச்சைப்புல் போட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். புண்ணைப் பார்த்த பிறகு அவர் சவுக்கைப் பற்றிப் பேசவில்லை. “இருபது வருடத்தில் ஒருமுறைகூட நான் இப்படி உள்ளே பார்த்ததில்லை” என்றார். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் பார்த்திருக்க மாட்டார்.

போட்டிக்கு இந்த முறை பெயர் கொடுக்கவில்லை. அவள் வருத்தப்படுகிறாள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பழைய சவார் (பட்டுக்கோட்டை)

மூன்று வாரத்தை வீணாக்க வேண்டாம், ஐயா. வெறும் தலைக்கயிற்றில் நடத்திப் பழக்கட்டும். நிறுத்து, நட, பின்வாங்கு, அவ்வளவுதான். கயிற்றில் கனம் தெரிந்த கணம் குதிரை நின்றால் அவள் கை உடனே தளர வேண்டும். அவளுடைய இடது கை எப்போது தளர்கிறது என்பதை நீங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துச் சொல்லுங்கள். அது அவளுக்குத் தெரியாது. பிறகு தரையில் ஒரு கட்டை. அதன் மேல் நடந்தால் போதும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் தஞ்சாவூர் வருகிறேன், பயிற்சியாளருக்கு மறுப்பில்லை என்றால் அவரையும் வைத்துக்கொண்டே பார்ப்போம்.

தாராசுரம் தகப்பன் (கும்பகோணம்)

அவர் வரச் சொல்கிறார், ஐயா. காலை ஆறரைக்குத் திடலில் இருப்போம். இன்று அவள் வெறுங்கயிற்றில் அதை இரண்டு சுற்று நடத்தினாள். அரசலாற்றங்கரையில் அறுத்த அருகம்புல் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தோம்; முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது, பிறகு வலப்பக்கமாகவே மென்று தின்றது. இடப்பக்கம் மெல்லத் தொடங்கியதும் இங்கே எழுதுகிறேன்.